ஃபெட்ச் செய்தும் வராத தரவு: கிட் களஞ்சியத்தின் ஓட்டைகள் எங்கே பதிவாகின்றன?

கோப்புகளின் ஒவ்வொரு பதிப்பையும் வரலாற்றோடு களஞ்சியமாகச் சேமித்து வைக்கும் மென்பொருள் கிட். தொலைவிலுள்ள களஞ்சியத்திலிருந்து புதியவற்றைக் கொண்டுவருவதற்கு அதில் ‘ஃபெட்ச்’ என்ற கட்டளையை இடுகிறோம். பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் அது முடிந்துவிட்டால், நம்மிடம் இனி எல்லாம் இருக்கிறது என்று எண்ணிக்கொள்வது இயல்பு. ஆனால் அடுத்த நிமிடமே பழைய பதிப்பொன்றைத் திறக்க முயலும்போது, தேவையான ஒப்ஜெக்ட் (கிட் தரவைச் சேமிக்கும் அலகு) காணப்படவில்லை என்று அதே மென்பொருள் கைவிரிக்கக்கூடும். மறுபடியும் ஃபெட்ச் செய்தாலும் ஒன்றும் இறங்காது. காணாமல்போன கோப்பு தொலைக் களஞ்சியத்தில் பத்திரமாக இருக்கிறது, இணைப்பும் சரியாக இருக்கிறது, ஆனாலும் அது வருவதில்லை. இதைக் கிட்டின் பிழை என்று சொல்வதற்கில்லை. ஃபெட்ச் எந்தக் கேள்விக்கு விடை தேடுவதற்காக வடிவமைக்கப்பட்டதோ, அந்தக் கேள்வியிலிருந்தே இந்த நிலைமை பிறக்கிறது.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மென்பொருள் வேலை செய்பவர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ கணினி படிக்கும் மாணவர், வளாகத்தை விட்டு வெளியே வந்ததும் கைப்பேசி ஹொட்ஸ்பொட்டில்தான் இறுதியாண்டுச் செயற்றிட்டத்தை நடத்த வேண்டியிருக்கும். கல்முனையிலோ ஏறாவூரிலோ வீட்டிலிருந்தபடி கொழும்பு நிறுவனத்துக்கு வேலை செய்பவரும் டேட்டா பக்கேஜின் மிச்சத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பெரிய களஞ்சியங்களை இறக்குகிறார். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நடைமுறையில் இருந்தது. எழுதிக்கொண்டிருந்த வன்தட்டு பாதியில் அணைந்தால் என்ன நடக்கும் என்பதை அப்போது பலர் நேரிலே கண்டனர். தரவைச் சிக்கனமாக இறக்குவது, பாதியில் அறுவது, பென் டிரைவில் கைமாற்றுவது ஆகிய மூன்றும் வழக்கமாகிவிட்ட இடத்தில் முழுமையற்ற களஞ்சியங்களும் வழக்கமாகத்தான் இருக்கும். அவற்றை நிரப்பும் வழி, ஓட்டை எந்த வகையானது என்பதைப் பொறுத்தது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த ஓட்டை எங்காவது பதிவாகியிருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டை உருவாக்கியபோது, ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் இருக்கும் என்பதையே அடிப்படையாக வைத்தார். களஞ்சியத்துக்குள் முக்கியமாக மூன்று வகை ஒப்ஜெக்டுகள் இருக்கின்றன: கோப்பின் உள்ளடக்கத்தை வைத்திருக்கும் பிளொப், கோப்புறையின் பட்டியலான ட்ரீ, ஒரு கணத்தின் நிலையையும் அதற்கு முந்தைய கணத்தையும் சுட்டும் கொமிட். ஒவ்வொன்றின் பெயரும் அதன் உள்ளடக்கத்திலிருந்து ஷா-1 என்ற முறையால் கணிக்கப்படும் 40 பதினறும இலக்கங்கள். ஒரு கொமிட் தன் ட்ரீயைப் பெயர்சொல்லிச் சுட்டும், ட்ரீ தன் பிளொப்புகளைச் சுட்டும், கொமிட் தன் பெற்றோர் கொமிட்டையும் சுட்டும். ஆகவே நுனியிலுள்ள ஒரு கொமிட்டின் பெயரைச் சொன்னாலே, அதன் கீழே தொங்கும் முழு வரலாற்றையும் சொன்னதாகிவிடும். கிட்டின் சிக்கனம் முழுவதும் இந்தப் பண்பில்தான் இருக்கிறது. நாம் பேசும் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

ஃபெட்ச் செய்யும்போது இரு தரப்புக்கும் இடையில் ஒரு பேரம் நடக்கிறது. வழங்கி (தொலைக் களஞ்சியத்தை வைத்திருக்கும் கணினி) தன் கிளைகளின், அதாவது தனித்தனியாக வளரும் கொமிட் தொடர்களின், நுனிகளை அறிவிக்கும்; நம் கணினி தனக்கு வேண்டிய நுனிகளைக் கேட்டு, தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் கொமிட்டுகளின் பெயர்களையும் சொல்லும்; இரண்டுக்கும் பொதுவான புள்ளி கண்டுபிடிக்கப்பட்டதும், அதற்குப் பிந்தியவற்றை மட்டும் வழங்கி ஒரே பொதியாகக் கட்டி அனுப்பும். கல்முனை பஸாரிலுள்ள மொத்தக் கடைக்குச் சில்லறைக் கடைக்காரர் ஒருவர், “412ஆம் பில் வரைக்கும் சாமான் எல்லாம் வந்திட்டு, அதுக்குப் பிந்தினதை அனுப்புங்க” என்று தொலைபேசியில் சொல்வதைப் போன்றது இது. 390ஆம் பில்லில் வந்த மூட்டையொன்றை எலி கடித்துக் கொட்டியிருந்தால், மொத்தக் கடைக்காரருக்கு அது தெரிய வழியில்லை. சில்லறைக் கடைக்காரரே களஞ்சிய அறைக்குள் போய்ப் பார்த்திருக்காவிட்டால் அவருக்கும் தெரியாது. பேரம் நடப்பது பில் இலக்கத்தில்தான், மூட்டைகளில் அல்ல.

கிட்டும் அப்படியே ஒரு கொமிட் தன்னிடம் இருந்தால் அதன் கீழுள்ள ட்ரீகளும் பிளொப்புகளும் முந்தைய கொமிட்டுகளும் இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. பொதி வந்து சேர்ந்தபின் கிட் செய்யும் இணைப்புச் சோதனையும் புதிதாக வந்த பகுதியை மட்டுமே நடந்து பார்க்கும். ஏற்கெனவே உள்ள கிளைகளால் எட்டக்கூடிய பகுதிக்குள் நுழையாது. ஒவ்வொரு ஃபெட்சிலும் முழு வரலாற்றையும் சரிபார்த்தால் லினக்ஸ் கேர்னல் போன்ற, 10 இலட்சத்துக்கு மேற்பட்ட கொமிட்டுகள் கொண்ட களஞ்சியத்தில் யாரும் வேலை செய்ய முடியாது. எனவே இது நியாயமான அனுமானம்தான், ஆனால் அனுமானம் பொய்யாகும்போது அதைச் சொல்வதற்கு ஃபெட்சிடம் வாய் இல்லை.

அனுமானத்துக்கு வெளியே, கிட் தானே அறிந்து ஏற்றுக்கொள்ளும் ஓட்டைகள் இரண்டு உண்டு. முதலாவது ஷாலோ குளோன். குளோன் என்பது தொலைக் களஞ்சியத்தை முதன்முறையாக நம் கணினிக்குப் பிரதி எடுப்பது; ஷாலோ என்றால் ஆழமற்றது. ‘டெப்த் 1’ என்ற தெரிவோடு குளோன் செய்தால் கடைசி கொமிட்டும் அதற்குரிய கோப்புகளும் மட்டுமே இறங்கும். டேட்டாவை மிச்சம்பிடிக்க நினைக்கும் மாணவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் தந்திரம் இதுதான். அப்படி இறக்கிய களஞ்சியத்தின் டொட்-கிட் கோப்புறைக்குள் ‘ஷாலோ’ என்ற பெயரில் ஒரு சிறிய எழுத்துக் கோப்பு இருக்கும். அதைத் திறந்து பார்த்தால் 40 இலக்கப் பெயர் ஒன்று தனி வரியில் கிடக்கும், வேறெதுவும் இராது. இந்தக் கொமிட்டுக்குப் பெற்றோர் உண்டு, ஆனால் அவர்கள் இங்கே இல்லை, தேடாதே என்பதே அந்த வரியின் பொருள். ஃபெட்ச் செய்யும்போது இந்தப் பட்டியல் வழங்கிக்கும் அனுப்பப்படுவதால், இரு தரப்பும் எல்லை எங்கே என்பதை அறிந்தே பேசுகின்றன.

தரவு இல்லாமை இங்கே பிழையாக அல்ல, தவறான விடையாகத்தான் வெளிப்படும். ஒரு வரியை யார் எழுதினார் என்று ‘பிளேம்’ கட்டளையால் கேட்டால், கோப்பின் எல்லா வரிகளும் கடைசியாக கொமிட் செய்த ஒருவரின் தலையில் விழும். பெயருக்கு முன்னால் நிற்கும் ஒரு சிறு கூரைக்குறி மட்டுமே இது வரலாற்றின் எல்லை என்பதைக் காட்டும், அதைக் கவனிப்பவர்கள் குறைவு. குழுச் செயற்றிட்டத்தில் யார் எவ்வளவு எழுதினார் என்று விரிவுரையாளர் ஷாலோ குளோனை வைத்துப் பார்த்தால், வீண் மனத்தாங்கல்தான் மிஞ்சும். கிட்ஹப் அக்‌ஷன்ஸ் என்ற, நிரல்களைத் தானாக ஓட்டும் சேவை தன் வழக்கமான அமைப்பில் ஆழம் 1 என்றே களஞ்சியத்தை எடுக்கிறது. பதிப்பு இலக்கத்தை டேக்குகளிலிருந்து (கொமிட்டுகளுக்கு இட்ட அடையாளப் பெயர்களிலிருந்து) கணிக்கும் நிரல்கள் அங்கே தடுமாறுவதற்கும் காரணம் இதுவே. அங்கே ‘ஃபெட்ச்-டெப்த்’ மதிப்பை 0 என்று மாற்றினால் முழு வரலாறும் வரும்.

ஷாலோ குளோனை முழுமையாக்க ‘அன்ஷாலோ’ என்ற தெரிவோடு ஃபெட்ச் செய்தால் போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. ஆழத்தைக் குறிப்பிட்டு குளோன் செய்யும்போது ஒற்றைக் கிளை என்ற கட்டுப்பாடும் சொல்லாமலே சேர்ந்துவிடுகிறது. கொன்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பில், தொலைக் களஞ்சியத்தைக் குறிக்கும் ஒரிஜின் என்ற தலைப்பின் கீழுள்ள ஃபெட்ச் வரியைப் பார்த்தால், எல்லாக் கிளைகளையும் குறிக்கும் உடுக்குறிக்குப் பதிலாக ‘மெயின்’ என்ற ஒரே கிளையின் பெயர் நிற்கும். அந்த வரி மாறாதவரை, வரலாறு எவ்வளவு ஆழமாக இறங்கினாலும், சக மாணவி நேற்றுத் தள்ளிய (வழங்கிக்கு அனுப்பிய) கிளை கண்ணிலே படாது. தொலைக் களஞ்சியங்களின் விவரங்களைக் கையாளும் ரிமோட் கட்டளையின் ‘செட்-பிராஞ்சஸ்’ மூலம் உடுக்குறியைத் திரும்ப வைத்து இன்னொரு முறை ஃபெட்ச் செய்தாக வேண்டும்.

நிலையற்ற இணைப்பில் வேலை செய்பவருக்கு இந்த ஷாலோ முறையில் இன்னொரு பயன் இருக்கிறது. என் கணிப்பில் அதுதான் பெரிய பயன். கிட் குளோன் இடையில் அறுந்தால், விட்ட இடத்திலிருந்து தொடராது. 900 மெகாபைட் இறங்கியபின் சிக்னல் போனாலும் மறுபடி பூச்சியத்திலிருந்துதான். அதற்குப் பதிலாக ஆழம் 1 என்று தொடங்கி, ‘டீபன்’ என்ற தெரிவால் நூறு நூறு கொமிட்டுகளாக ஆழப்படுத்திக்கொண்டு போனால், வெற்றியாக முடிந்த ஒவ்வொரு படியும் வன்தட்டில் நிலைத்துவிடும். மொத்தத் தரவு கொஞ்சம் கூடலாம், வழங்கியின் வேலையும் கூடும். ஆனால் ஒரே மூச்சில் இறக்க முடியாத களஞ்சியத்தை இரண்டு மூன்று இரவுகளில் இறக்கி முடிக்க இது கைகொடுக்கும்.

அறிந்து ஏற்றுக்கொண்ட ஓட்டைகளில் இரண்டாவது பார்ஷல் குளோன். மைக்ரோசொஃப்ட் தன் விண்டோஸ் மூலநிரலைக் கிட்டுக்கு மாற்றியபோது அந்தக் களஞ்சியம் சுமார் 300 ஜிகாபைட்டும் 35 இலட்சம் கோப்புகளும் கொண்டதாக இருந்தது என்று 2017இல் அறிவித்தது. எல்லோரிடமும் எல்லாம் என்ற பழைய அடிப்படை அந்த அளவுக்குத் தாங்காது. மைக்ரோசொஃப்ட், கூகுள் பொறியியலாளர்களின் உழைப்பில் 2018 முதல் கிட்டிலேயே சேர்ந்த பார்ஷல் குளோனில், கொமிட்டுகளும் ட்ரீகளும் முழுதாக வரும், பிளொப்புகள் தேவைப்படும்போது மட்டும் வரும். ‘பிளொப்-நன்’ என்ற வடிகட்டியைக் கொடுத்தால் இப்படி நடக்கும். ஒரு மெகாபைட்டுக்கு மேற்பட்ட பிளொப்புகளை மட்டும் தவிர் என்று அளவு வைத்தும் வடிகட்டலாம்.

இங்கே ஓட்டை பதிவாகும் விதம் வேறு. எது இல்லை என்று பட்டியல் எதுவும் வைக்கப்படுவதில்லை. இறங்கிய பொதிக் கோப்புக்குப் பக்கத்தில் ‘புரொமிசர்’ என்ற ஈற்றுப்பெயருள்ள சிறு கோப்பு ஒன்று வைக்கப்படும். இந்தப் பொதியை அனுப்பிய வழங்கி, இதில் சுட்டப்பட்ட மற்றவற்றையும் கேட்டால் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. இல்லாத பிளொப் ஒன்றைத் திறக்க நேர்ந்தால் கிட் முதலில் இந்த வாக்கைப் பார்க்கும். வாக்கின் கீழ் வருவதாக இருந்தால், நம்மிடம் எதுவும் கேட்காமல் வழங்கியிடம் ஓடிப்போய் அதை எடுத்து வரும்.

இணைப்பு இருக்கும்வரை இது மந்திரம்போல நடக்கும். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போகும் உதயதேவி ரயிலில் மடிக்கணினியைத் திறந்து, பழைய மாற்றங்களைக் கோப்பு விவரத்தோடு வரிசையாகப் பார்க்கத் தொடங்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு கொமிட்டுக்கும் இரண்டு மூன்று பிளொப்புகள் தேவை, ஒவ்வொரு கொமிட்டுக்கும் தனித்தனியாக வழங்கியை நாட வேண்டும். புனானை தாண்டிக் காட்டுப் பகுதியில் சிக்னல் அறுந்தால் வரலாறு அந்த இடத்திலேயே நின்றுபோகும். களஞ்சியம் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டியதில்லை, கெடவில்லை. பயணத்துக்கு முன்பே தேவையானவற்றை மொத்தமாக இறக்கி வைப்பதற்கு 2025 மார்ச்சில் வெளிவந்த கிட் 2.49 பதிப்பில் ‘பக்ஃபில்’ என்ற கட்டளை சேர்ந்திருக்கிறது. பிளொப்புகளை ஒவ்வொன்றாக அல்லாமல் கட்டுக்கட்டாகக் கேட்பதால் நேரமும் மிச்சம். எவை இன்னும் இறங்கவில்லை என்று முன்கூட்டியே அறிய விரும்பினால், ரெவ்-லிஸ்ட் கட்டளையை எல்லா ஒப்ஜெக்டுகளோடும் ‘மிஸ்ஸிங்=பிரிண்ட்’ என்ற தெரிவோடும் ஓட்டலாம்; இல்லாதவற்றின் பெயர்கள் முன்னால் கேள்விக்குறியோடு அச்சாகும்.

இனி பதிவாகாத ஓட்டை. கொமிட் செய்த மறுகணமே மின்சாரம் போய், மின்கலம் பழுதான பழைய மடிக்கணினி அணைந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கோப்பின் பெயர் வன்தட்டில் பதிந்து, உள்ளடக்கம் பதியாமல் போயிருக்கலாம். மீண்டும் இயக்கியதும் ஒப்ஜெக்ட் கோப்பு வெறுமையாக இருக்கிறது என்ற செய்தி வரும். ‘ஒப்ஜெக்ட்ஸ்’ கோப்புறைக்குள் போனால், பெயரின் முதல் இரண்டு இலக்கங்களைக் கொண்ட உபகோப்புறையில் மிச்ச 38 இலக்கங்களும் பெயராக ஒரு கோப்பு இருக்கும், அளவு 0 பைட். சரியாகக் கழற்றாமல் பென் டிரைவைப் பிடுங்கி எடுத்தாலும் இதே பூச்சியங்கள்தான்.

இந்த நிலையில் ஃபெட்சை மட்டும் நம்புவது பயன் தராது. அதற்கான காரணத்தை மேலே பார்த்தோம். முதல் வேலை, டொட்-கிட் கோப்புறை முழுவதையும் அப்படியே வேறிடத்தில் பிரதி எடுத்து வைப்பது. இணையத்தில் கிடைக்கும் திருத்த ஆலோசனைகளில் பாதிக்கு மேல் இதைச் சொல்லாமலே அழிக்கச் சொல்கின்றன என்பது என் நீண்டநாள் முறைப்பாடு. அதன்பின் வெறுமையான ஒப்ஜெக்ட் கோப்புகளை நீக்கிவிட்டு, ‘எஃப்எஸ்சிகே’ கட்டளையை ஓட்டினால், எந்த ஒப்ஜெக்ட் காணவில்லை, அதை எது சுட்டுகிறது என்ற பட்டியல் கிடைக்கும். மூட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பது இந்தக் கட்டளைதான்.

காணாமல்போனவை ஏற்கெனவே தள்ளப்பட்டவையானால், 2022 ஏப்ரலில் வந்த 2.36 பதிப்பு முதல் ‘ரீஃபெட்ச்’ என்ற தெரிவு உண்டு. நம்மிடம் உள்ளவற்றைச் சொல்லிப் பேரம் பேசாமல், புதிதாகக் குளோன் செய்வதுபோல எல்லாவற்றையும் மறுபடி இறக்கும். பார்ஷல் குளோனின் வடிகட்டியை மாற்றுவதற்காகவே முதன்மையாகச் சேர்க்கப்பட்டது என்றாலும், ஓட்டை எங்கே என்று தெரியாத களஞ்சியத்துக்கும் இது பொருந்தும். முழுத் தரவும் மறுபடி செலவாகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இரட்டிப்பாக வந்த ஒப்ஜெக்டுகளைக் கிட்டின் பராமரிப்பு வேலை பிறகு ஒன்றாக்கிவிடும். கொமிட்டே சிதைந்து கட்டளைகள் ஓட மறுக்கும் அளவுக்குப் போயிருந்தால், வேறு கோப்புறையில் புதிதாகக் குளோன் செய்து, அதன் பொதிக் கோப்புகளையும் அவற்றின் சுட்டிக் கோப்புகளையும் பழைய களஞ்சியத்தின் ‘பக்’ கோப்புறைக்குள் பிரதி செய்வதே நேரான வழி.

தள்ளப்படாத வேலைக்கு வழங்கி உதவாது, ஆனால் பெயர் உள்ளடக்கத்திலிருந்தே பிறக்கிறது என்ற பண்பு இங்கே உதவும். காணாமல்போன பிளொப்புக்குரிய கோப்பு வேலைக் கோப்புறையில் மாறாமல் இருந்தால், ‘ஹாஷ்-ஒப்ஜெக்ட்’ கட்டளையை எழுதும் தெரிவோடு அதன்மேல் ஓட்டினால், அதே 40 இலக்கப் பெயரில் அதே ஒப்ஜெக்ட் மறுபடி உருவாகும். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் வேறு பெயர் வரும், ஆகவே மீட்டது அசலா என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை.

இதே பண்புதான் பென் டிரைவையும் மதிப்புள்ள ரிமோட்டாக ஆக்குகிறது. ஒப்ஜெக்டுகளின் பெயர்கள் பொதிக்குள் எழுதப்பட்டு வருவதில்லை. பெறும் கணினி ஒவ்வொன்றின் உள்ளடக்கத்தையும் படித்துத் தானே கணிக்கிறது. ஆகவே கிட்ஹப்பிலிருந்து இறங்கினாலும், காத்தான்குடி நண்பரின் மடிக்கணினியிலிருந்து வந்தாலும், நமக்குத் தெரிந்த கொமிட் பெயரோடு பொருந்திவிட்டால் உள்ளே இருப்பது ஒன்றுதான். முழுப் பிரதி யாரிடம் இருக்கிறதோ அவர் ‘பண்டில்’ கட்டளையால் எல்லாக் கிளைகளையும் ஒரே கோப்பாக்கித் தரலாம். நாம் அதிலிருந்து குளோன் செய்து, ரிமோட் முகவரியை வழங்கிக்கு மாற்றி, மிச்சமுள்ள சில மெகாபைட்டுகளை மட்டும் ஃபெட்ச் செய்யலாம். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் கொண்ட டொட்-கிட் கோப்புறையை அப்படியே பென் டிரைவுக்கு இழுத்துப் போடுவதைவிட இது வேகமானதும் பாதுகாப்பானதுமாகும். பண்டிலை வரலாற்றின் ஒரு பகுதிக்கு மட்டும் ஆக்கியிருந்தால், அதற்கு முன்தேவையான கொமிட்டுகளின் பெயர்கள் அதன் தலைப்பிலேயே எழுதப்பட்டிருக்கும், ‘வெரிஃபை’ என்று கேட்டால் நம்மிடம் இல்லாதவற்றை அது சொல்லிவிடும். பென் டிரைவ் ஃபட்32 முறையில் அமைக்கப்பட்டிருந்தால் 4 ஜிகாபைட்டை எட்டும் ஒற்றைக் கோப்பு அதில் ஏறாது. கோப்புறையாகவே வைத்திருந்தால், 2022 ஏப்ரலுக்குப் பிந்திய கிட் பதிப்புகள் உரிமையாளர் யார் என்று தெரியவில்லை என மறுக்கலாம். அது தரவுச் சிதைவு அல்ல, பாதுகாப்புக்காகச் சேர்த்த தடை.

பெரிய கோப்புகளைத் தனியே வைத்து, களஞ்சியத்தில் சுட்டியை மட்டும் விடும் கிட் எல்எஃப்எஸ் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது. படமோ காணொளியோ திறக்காமல், எழுத்துக் கருவியில் பார்த்தால் பதிப்பு, ஷா-256 பெயர், அளவு என்று மூன்று வரிகள் மட்டும் தெரிந்தால், இறங்கியிருப்பது சுட்டிதான், கோப்பு அல்ல. கிட்டைப் பொறுத்தவரை களஞ்சியம் முழுமையானது, எஃப்எஸ்சிகேயும் குறை சொல்லாது. எல்எஃப்எஸ்ஸின் சொந்த ‘புல்’ கட்டளையைத்தான் இட வேண்டும்.

கடைசியாக, தொலைவிலும் இல்லாத தரவு. சப்மொடியூல் (ஒரு களஞ்சியத்துக்குள் இணைக்கப்பட்ட இன்னொரு களஞ்சியம்) ஒன்றை மாற்றிய சக ஊழியர், வெளிக் களஞ்சியத்தைத் தள்ளிவிட்டு உள்ளே உள்ளதைத் தள்ள மறந்தால், நாம் புதுப்பிக்கும்போது குறிப்பிட்ட கொமிட் அங்கே இல்லை என்றும், நேரடியாகக் கேட்டும் கிடைக்கவில்லை என்றும் செய்தி வரும். வலிந்து தள்ளியதால் கிளையிலிருந்து கழன்ற கொமிட்டும் வழங்கியின் துப்புரவில் அழிந்திருந்தால் அதே விடைதான். அப்போது ரீஃபெட்ச் செய்வது டேட்டாவைக் கடலில் கொட்டுவதாகும். கேட்க வேண்டியது அந்தச் சக ஊழியரின் கணினியை. கிட்டின் வழக்கமான அமைப்பில், கிளையால் எட்டக்கூடிய ரெஃப்லொக் (கிளை நுனிகள் நகர்ந்ததை அந்தந்தக் கணினியில் பதியும் குறிப்பேடு) பதிவுகள் 90 நாட்களும் கழன்றுபோன கொமிட்டுகளுக்குரியவை 30 நாட்களும் வைத்திருக்கப்படுகின்றன. எனவே அவர் அந்தக் காலத்துக்குள் தன் ரெஃப்லொக்கைப் பார்த்து, அந்தக் கொமிட்டின்மேல் ஒரு புதிய கிளையை வைத்துத் தள்ளினால், அடுத்த சாதாரண ஃபெட்சிலேயே அது வந்துசேரும்.